பிரசிடென்ட் III என்ற கப்பல் மூழ்கவே இல்லை

கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் நண்பருக்கு, நவம்பர் நினைவு நாளுக்காக ஊர்த் தேவாலயப் பலகையில் உள்ள ஒரு பெயருக்குக் குறிப்பு எழுதும் வேலை வந்திருக்கிறது. அந்த மனிதர் இரண்டாம் உலகப் போரில், அட்லாண்டிக் கான்வாயில், அதாவது காவலோடு போகும் கப்பல் அணியில், போன ஒரு சரக்குக் கப்பலில் பீரங்கிக்காரராக இருந்து கடலோடு போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அவருடைய கப்பல் ‘எச்.எம்.எஸ். பிரசிடென்ட் III’ என்று இருக்கிறது. அப்படி ஒரு கப்பல் மூழ்கியதாக எங்கும் இல்லை. வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான லண்டன் டவர் ஹில் நினைவகத்திலும் அவர் பெயர் இல்லை. ஊர்க்கதை பொய்யா, பதிவு பிழையா?

இரண்டும் சரிதான். நீங்கள் தேடும் மனிதர் உயிர் விட்டது ஒரு கப்பலில். அவர் பெயர் இருந்த பேரேடு வேறொரு ‘கப்பலுடையது’. வணிகக் கப்பலில் போன கடற்படைப் பீரங்கிக்காரர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதை அவிழ்க்கும் வழி தெரிந்துவிட்டால் மீதி வேலை பொறுமை சம்பந்தப்பட்டது.

பிரிட்டிஷ் கடற்படையில் ஒருவர் மீது கடற்படை ஒழுங்குச் சட்டம் செல்ல வேண்டுமானால், அவர் பணியில் உள்ள ஏதாவதொரு கப்பலின் பேரேட்டில் இருந்தாக வேண்டும். அதனால் கரையில் இருந்த பயிற்சி முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும்கூட, போர்க்கப்பல் பெயருக்கு முன்னால் வரும் ‘எச்.எம்.எஸ்.’ போட்டுக் கப்பல் பெயர் வைத்தார்கள். கொழும்பில் இருந்த கரைத்தளத்தின் பெயர் ‘எச்.எம்.எஸ். லங்கா’. பிரசிடென்ட் என்பது லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம் கட்டிக் கிடந்த பயிற்சிக் கப்பல். அதன் பெயரோடு III என்று எண் சேர்த்தது கணக்கு வைப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. வணிகக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்ட பீரங்கிக்காரர்களின் சம்பளம், விடுப்பு, குடும்பப் படி எல்லாம் அந்தக் கணக்கில் நடந்தன. போர் தொடங்கியபோது அந்த அலுவலகம் பிரிஸ்டலில் இருந்தது; பிறகு வின்ட்ஸருக்கும் லண்டனுக்கும் போனது. ஆகவே ‘பிரசிடென்ட் III’ என்று கண்டால் உங்களுக்கு ஏமாற்றம் வர வேண்டியதில்லை. இவர் வணிகக் கப்பல் பீரங்கிக்காரராக இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று.

இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர் ‘டெம்ஸ்’. தற்காப்புக்காக ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்கள் என்று அர்த்தம். 1939 நடுவில் இதற்கான அமைப்பு உருவானது. போர் முடிவதற்குள் கடற்படையிலிருந்து சுமார் 24,000 பேரும், இராணுவத்தின் கடல்சார் பீரங்கிப் படையிலிருந்து சுமார் 14,000 பேரும் இந்த வேலைக்கு வந்தார்கள். இவர்களுக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கவும், விழுந்தவர் இடத்தில் நிற்கவும் ஒன்றரை லட்சம் வணிக மாலுமிகளுக்குக் குறுகிய பயிற்சி தரப்பட்டது. இரண்டு படைப் பிரிவிலுமாகச் சேர்த்து இறந்த பீரங்கிக்காரர்கள் நாலாயிரம் பேர் அளவில் வரும்.

‘தற்காப்பு’ என்ற சொல் சும்மா போட்டதல்ல. நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் வந்தால் அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்குக் கெடுபிடி உண்டு. வணிகக் கப்பலுக்கு அது இல்லை. பீரங்கியை முன்பக்கம், அதாவது அணியத்தில் வைத்தால் துரத்தித் தாக்கும் கப்பல் என்று வாதம் வரும். அதனால் பெரிய பீரங்கி அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், ஓடும்போது பின்னால் சுடும்படி வைக்கப்பட்டது. அதே காரணத்தால் கடற்படைக்காரரையும் கப்பலின் ஒப்பந்தப் பத்திரத்தில் தளத்துக் கூலியாளாகக் கையெழுத்திட வைத்தார்கள். காகிதத்தில் அவர் கப்பல் சிப்பந்தி. நடுநிலைத் துறைமுகத்தில் இறங்கினால் சாதாரண உடை. உங்கள் தேடலில் ஒரே மனிதர் ஓரிடத்தில் ‘ஏபிள் சீமன், ராயல் நேவி’ என்றும் இன்னோரிடத்தில் ‘டெக்ஹேண்ட்’ என்றும் வந்தால், இரண்டு பேர் என்று பிரித்துவிடாதீர்கள்.

டவர் ஹில்லில் பெயர் இல்லாததற்கும் காரணம் இதே இரட்டை வாழ்வுதான். அந்த நினைவகத்தில் இரண்டாம் போருக்கு உரிய பகுதியில் கல்லறை இல்லாத வணிக மாலுமிகள் ஏறக்குறைய 24,000 பேர் கப்பல் வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். அதே கப்பலில், அதே வெடிப்பில் போன பீரங்கிக்காரர் அந்தப் பலகையில் வரமாட்டார். அவர் கடற்படை ஆள். சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள கடற்படை நினைவகங்களில் ஒன்றில்தான் அவர் இருப்பார். அங்கே கப்பல் பெயர் கிடையாது. ஆண்டு, படைப்பிரிவு, பதவி, அதற்குள் அகரவரிசை. ஒரே படகில் செத்தவர்கள் இரண்டு மூன்று ஊர்க் கற்களில் பிரிந்து கிடக்கிறார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் குறை என்றே சொல்லுவேன். உங்கள் குறிப்பில் அந்தக் குறையை நீங்கள் சரி செய்யலாம்: கப்பலின் பெயரை எழுதிவிடுங்கள்.

மூன்றில் எந்த நினைவகம் என்பதைச் சேவை எண்ணே சொல்லிவிடும். எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்று சாய்கோட்டோடு இருந்தால் சாத்தம், ‘பி’ என்றால் போர்ட்ஸ்மத், ‘டி’ என்றால் டெவன்போர்ட், அதாவது பிளிமத் நினைவகம். அடுத்து வரும் எழுத்துகள் பிரிவைக் காட்டும். ‘ஜே’ என்றால் மாலுமி, சைகைப் பிரிவு. ‘கே’ என்றால் கொதிகலன் பிரிவு. அதோடு ‘எக்ஸ்’ சேர்ந்திருந்தால் 1925ல் வந்த புதிய சம்பள விதிக்குப் பிறகு சேர்ந்தவர். ‘எக்ஸ்’ இல்லாமல் வெறும் ‘ஜே’ என்று ஒருவருக்கு இருந்தால் அவர் பழைய ஆள். ஓய்வு பெற்று அல்லது சேமப் படையில் இருந்து, போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவராக இருக்கலாம். 1939, 1940ல் கப்பலுக்கு ஒருவர் இருவர் என்று அனுப்பப்பட்ட முதல் பீரங்கிக்காரர்களில் இத்தகைய நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய. அவருக்கு வயது என்ன என்று பார்த்துவிட்டு இதையும் பாருங்கள். ராயல் மரீன் ஆட்களுக்கு இதே மூன்று ஊர்களின் சுருக்கம் வேறு எழுத்துகளில் வரும்: ‘சிஎச்’, ‘பிஓ’, ‘பிஎல்ஒய்’.

இனிக் கப்பலைக் கண்டுபிடிப்பது. கையில் இருப்பது இறந்த தேதி. கடற்படையின் அன்றாட உயிரிழப்புப் பட்டியல்கள் தேதி வாரியாகத் தொகுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. அதில் அந்தத் தேதிக்குப் போய், ‘பிரசிடென்ட் III’ என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். பல இடங்களில் பக்கத்திலேயே ‘எஸ்.எஸ்.’ என்று தொடங்கும் வணிகக் கப்பலின் பெயர் இருக்கும். வேலை அங்கேயே முடிந்தாலும் முடிந்துவிடும்.

இல்லாவிட்டால் அதே தேதியில் மூழ்கிய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் பீரங்கிக்காரர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். ஒரே தேதியில் ‘பிரசிடென்ட் III’ ஆட்கள் ஐந்து பேர் இறந்திருந்து, அன்று மூழ்கிய ஒரு கப்பலில் ஐந்து பீரங்கிக்காரர்கள் தொலைந்திருந்தால் நல்ல பொருத்தம்தான். ஆனாலும் பொருத்தம் என்பது நிரூபணம் ஆகாது; ஆவணம் கிடைக்கும்வரை பென்சிலில் எழுதி வையுங்கள்.

தேதியில் சறுக்குபவர்கள் அதிகம். நீர்மூழ்கிகளின் குறிப்பேடு ஜெர்மன் நேரத்தில் எழுதப்பட்டது. கான்வாய்க் கப்பல்களின் கடிகாரம் வேறு. நள்ளிரவை ஒட்டி நடந்த தாக்குதல் ஒரு பட்டியலில் 18ஆம் தேதி என்றும் இன்னொன்றில் 19 என்றும் வரும். அதனால் எப்போதும் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடுங்கள். தனியாகப் போய்க் காணாமல் போன கப்பல்களில் யாரும் பிழைக்கவில்லை என்றால், அதிகாரிகள் உத்தேசமாக ஒரு தேதி போட்டிருப்பார்கள். உயிர்ப்படகில் ஏறி நாட்கள் கழித்து இறந்தவர்களுக்கும் பல வேளைகளில் கப்பல் மூழ்கிய தேதியே போடப்பட்டது.

‘ஆங்கிலோ சாக்ஸன்’ கப்பல் இதற்கு நல்ல உதாரணம். கான்வாய் கலைந்து தனியாகத் தென் அமெரிக்கா நோக்கி நிலக்கரியோடு போய்க்கொண்டிருந்த அதை, 1940 ஆகஸ்ட் 21 இரவில் வணிகக் கப்பல் வேடமிட்ட ஜெர்மன் தாக்குதல் கப்பல் ‘வீடர்’ சுட்டு மூழ்கடித்தது. முதல் குண்டுகளே அமரத்துப் பீரங்கி மேடையை நோக்கி வந்தன. தப்பியது ஒரு சிறு படகும் ஏழு பேரும். அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பென்னி என்ற ராயல் மரீன் பீரங்கிக்காரர், காயத்தோடுதான் ஏறினார். அவர் இறந்தது கப்பல் மூழ்கிய இரவில் அல்ல, செப்டம்பர் முதல் வாரத்தில், படகிலிருந்து கடலில் நழுவி. முதல் அதிகாரி படகில் எழுதி வந்த சிறு குறிப்பு மிஞ்சியதால்தான் இது நமக்குத் தெரிகிறது. எழுபது நாள் கழித்து, அக்டோபர் இறுதியில், பஹாமாஸின் எலூத்தரா தீவில் கரை சேர்ந்தவர்கள் இருவர் மட்டுமே. அந்தப் படகு இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பும் இருவரும் பிழைத்திராவிட்டால் பென்னியின் கடைசி இரண்டு வாரங்கள் எந்தப் பதிவிலும் இருந்திருக்காது. உங்கள் மனிதருக்கும் ‘இறந்த தேதி’ என்று எழுதுவதற்குப் பதில் ‘கப்பல் மூழ்கிய தேதி’ என்று எழுதினால் பல நேரம் அதுவே நேர்மையாக இருக்கும்.

கப்பல் பெயர் கிடைத்ததும் அதன் அதிகாரபூர்வ எண்ணைத் தேடுங்கள். கப்பல்களைப் பட்டியலிடும் லாயிட்ஸ் பதிவேட்டின் போர்க்கால ஆண்டுத் தொகுதிகள் படிமங்களாக இணையத்தில் உண்டு. கப்பல் பெயருக்கு எதிரே அந்த எண் இருக்கும். இது எதற்கு என்றால், ஒரே பெயரில் இரண்டு மூன்று கப்பல்கள் இருந்தன என்பது ஒன்று. லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்க்காலச் சிப்பந்திப் பட்டியல்கள் ‘பி.டி. 381’ என்ற வரிசையில் கப்பல் பெயரால் அல்ல, இந்த எண்ணால்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் பீரங்கிக்காரர்கள் கடைசிப் பக்கங்களில் அல்லது தனித் தாளில் வருவது வழக்கம். சில பயணங்களுக்கு அவர்கள் வராமலே போவதும் உண்டு.

அடுத்து ‘பி.டி. 389’. இவை கப்பல்களின் நடமாட்ட அட்டைகள்: எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, கடைசியில் டார்பிடோவா குண்டா கண்ணிவெடியா என்று சுருக்கமாக. ‘ஏ.டி.எம். 199’ வரிசையில் கான்வாய் அறிக்கைகளும், 2130 முதல் 2148 வரையான கட்டுகளில் தப்பியவர்களின் வாக்குமூலங்களும் உள்ளன. அட்மிரால்டி என்ற கடற்படைத் தலைமையகத்தின் வணிகப் பிரிவு, கரை சேர்ந்த கேப்டனையோ மூத்த அதிகாரியையோ உட்கார வைத்துக் கேட்டு எழுதியவை அவை. இரண்டு மூன்று பக்கம் இருக்கும். எந்தப் பக்கத்தில் அடி விழுந்தது, எத்தனை நிமிடத்தில் மூழ்கியது, என்ன ஆயுதம் இருந்தது, எத்தனை பீரங்கிக்காரர்கள், அவர்களில் எத்தனை பேர் காணவில்லை என்று வரிசையாக வரும். ஒரு பீரங்கிக்காரரின் கடைசி நிமிடத்தைப் பற்றி நேரில் கண்டவர் சொன்ன வரி எங்காவது இருக்குமானால் அது இங்கேதான். பெயர் சொல்லாமல், பீரங்கியைக் குறிவைப்பவர் என்ற பொருளில் ‘கன்லேயர்’ என்று மட்டும் இருக்கும். ஒரு கப்பலுக்குப் பெரும்பாலும் ஒருவரே என்பதால் பதவியை வைத்து ஆளைக் கண்டுகொள்ளலாம். யாருமே தப்பாத கப்பலுக்கு வாக்குமூலம் இருக்காது. அப்போது பக்கத்தில் போன கப்பலின் அறிக்கையையும் கான்வாய்த் தலைவரின் அறிக்கையையும் பார்க்க வேண்டும்.

கான்வாய் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பயணத்தின் திசை புரியும். ‘எச்.எக்ஸ்.’ ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரிட்டனுக்கு. ‘எஸ்.சி.’ கனடாவின் சிட்னி துறைமுகத்தில் தொடங்கிய மெதுவான அணி. ‘ஓ.பி.’ 1941 வரை பிரிட்டனிலிருந்து வெளியே போனவை. அதன் பிறகு ‘ஓ.என்.’ ‘பி.க்யூ.’வும் பின்னால் வந்த ‘ஜே.டபிள்யூ.’வும் ஆர்க்டிக் வழியே ரஷ்யாவுக்கு. அணிவகுப்பு நீளத்தைவிட அகலம் அதிகமான கட்டம். பத்தி எண்ணையும் அந்தப் பத்தியில் எத்தனையாவது கப்பல் என்பதையும் சேர்த்து இடம் சொல்வார்கள். 74 என்றால் ஏழாவது பத்தியில் நான்காவது கப்பல். ஓரப் பத்திகளுக்கு ஆபத்து அதிகம். பத்திகளுக்கு இடையே சுமார் 900 மீட்டர் இருக்கும். அதனால் நடுப்பத்தியில் இருந்தவர்கள் பக்கத்துக் கப்பல் போவதைத் தெளிவாகவே பார்த்தார்கள். நின்று காப்பாற்றப் பெரும்பாலும் அனுமதி இல்லை. 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 அணியின் 35 கப்பல்களில் 20 போயின. உங்கள் தேதி அதை ஒட்டியிருந்தால் பத்தி எண்ணை அவசியம் தேடிப் பாருங்கள்.

பீரங்கிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை எழுதினால்தான் அந்த மனிதர் என்ன செய்தார் என்பது வாசிப்பவருக்குப் பிடிபடும். ‘கன்னர்’ என்று மட்டும் விட்டுவிட்டால் போர்க்கப்பல் கோபுரத்துக்குள் நின்றவர் என்று நினைத்துக்கொள்வார்கள். வணிகக் கப்பலின் அமரத்தில் இருந்தது பெரும்பாலும் 4 அங்குலப் பீரங்கி. முதல் உலகப் போரிலோ அதற்கு முன்போ செய்து கிடங்கில் கிடந்தவை. சுற்றிலும் கவசம் கிடையாது. குண்டு 14 கிலோ அளவில். கையால்தான் ஏற்ற வேண்டும். மேலும் கீழும் குழலை அசைப்பவர் ஒருவர், அவர்தான் ‘கன்லேயர்’. பக்கவாட்டில் திருப்புபவர் ஒருவர். பூட்டைத் திறந்து மூடுபவர் ஒருவர். தூரம் வைப்பவர் ஒருவர். மற்றவர்கள் குண்டு தூக்குவோர். இதில் கடற்படை ஆள் இரண்டு மூன்று பேர், மீதி சமையல்காரரும் தளத்து ஆட்களும். விமானத்தை எதிர்க்க 12 பவுண்டர் என்ற 3 அங்குலப் பீரங்கி, லூயிஸ் அல்லது ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கிகள். கைக்குண்டை நீராவியாலோ அழுத்தக் காற்றாலோ மேலே உமிழும் ஹோல்மன் என்ற குழாயும் இருந்தது. அது எதிரியைவிடச் சொந்தக் கப்பலையே அதிகம் பயமுறுத்தியது என்றால் மிகையில்லை.

நிலைமை மாறியது 20 மி.மீ. ஓர்லிக்கன் வந்த பிறகு. அதன் உருளையில் 60 தோட்டா. நிரப்பினால் 28 கிலோ சொச்சம். நிமிடத்துக்கு 450 என்ற வேகத்தில் எட்டு விநாடியில் காலி. ஆடும் தளத்தில், உறைந்த விரல்களோடு, அடுத்த உருளையை மாட்ட இன்னொருவர் தயாராக நிற்காவிட்டால் அந்தத் துப்பாக்கி வெறும் கம்பிதான். தோட்டாக்களுக்குக் கிரீஸ் தடவாவிட்டால் சிக்கிக்கொள்ளும். ஆர்க்டிக் குளிரில் தடவிய கிரீஸே இறுகிச் சிக்க வைக்கும். அதனால் அந்த வழியில் போனவர்களுக்குக் காவல் நேரம் போக மீதி நேரமெல்லாம் துடைப்பதும் திரும்பத் தடவுவதுமாகவே போனது.

இந்தப் பீரங்கியால் பயன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு இந்தியப் பெருங்கடலில் 1942 நவம்பர் 11ஆம் தேதியைச் சொல்லலாம். ஃப்ரீமேன்டிலிலிருந்து டியகோ கார்சியா நோக்கி ‘ஆண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலும், அதற்குக் காவலாக ராயல் இந்திய கடற்படையின் சிறு கப்பல் ‘பெங்கால்’ மட்டும் போயின. எதிரே இரண்டு பெரிய ஜப்பானிய ஆயுதக் கப்பல்கள். ஆண்டினாவின் அமரத்தில் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி, 32 குண்டு. சுட்டவர்கள் டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியர் கலந்த குழு. ‘ஹொக்கொக்கு மாரு’ வெடித்து மூழ்கியது. அடித்தது எந்தக் கப்பலின் குண்டு என்பதில் இரண்டு கப்பல்காரர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இது அபூர்வம். பெரும்பாலான பீரங்கிக்காரர்கள் தங்களைக் கொன்ற நீர்மூழ்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நீர்மூழ்கியை மேலே வரவிடாமல், பீரங்கியை விட்டு விலையுயர்ந்த டார்பிடோவைச் செலவழிக்க வைப்பதுதான் அவர்களால் ஆன லாபம்.

அவர்கள் ஏன் அதிகம் செத்தார்கள் என்பதற்கு இடமே பாதிக் காரணம். பீரங்கி மேடை அமரத்தில். படுக்கையும் பெரும்பாலும் அங்கேயே. குண்டுக் கிடங்கு காலுக்கடியில். உயிர்ப்படகுகளோ கப்பலின் நடுவில். அடிபட்ட பிறகும், நீர்மூழ்கி மேலே வரலாம் என்று பீரங்கியருகே நிற்பது அவர்கள் கடமை. கேப்டன் விடச் சொல்லும்வரை நகரக் கூடாது. சரக்கு என்ன என்று பார்த்தால் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். இரும்புத் தாதும் எஃகும் ஏற்றிய கப்பல் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். பாரம் அதிகம், இடம் காலி, தண்ணீர் தடையில்லாமல் புகும். மரம் ஏற்றியது மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மிதக்கும். பெட்ரோல் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குறிப்பில் சரக்கைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே சொல்லில் நிறையப் புரிந்துவிடும்.

தேடும் ஆள் கடற்படை இல்லை, ‘ராயல் ஆர்ட்டிலரி, மேரிடைம் ரெஜிமென்ட்’ என்றிருந்தால் அவர் இராணுவத்தவர். 1940ல் இயந்திரத் துப்பாக்கியோடு இரண்டிரண்டு பேராகக் கடலோரக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களிலிருந்து வளர்ந்த படை அது. இராணுவத்தினர் என்றாலும் இவர்களில் பலர் கடற்படை நினைவகக் கற்களிலேயே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கடற்படையினர் பிளிமத்திலும், கனடாவினர் ஹாலிஃபாக்ஸ் நினைவகத்திலும் இருப்பார்கள். அமெரிக்கக் கப்பலில் போனவர் என்றால் அது ‘நேவல் ஆர்ம்டு கார்டு’ என்ற தனிப் பிரிவு. சுமார் 1,45,000 பேர் பணியாற்றினார்கள், 1,810 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களுடைய காகிதங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில்.

அதே கப்பலில் இந்திய மாலுமிகளும் இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. கொதிகலன் அறையிலும் தளத்திலும் வேலை செய்த அவர்களில் பெரும்பாலோர் டவர் ஹில்லில் இல்லை. ராயல் இந்திய கடற்படையினர் சுமார் 400 பேரும் இந்திய வணிக மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேரும் மும்பை, சிட்டகாங் நினைவேடுகளில் இருக்கிறார்கள். ஊர்ப் பலகைக்கு அவர்கள் அந்நியர்தான். ஆனாலும் கப்பலோடு போனவர்களின் எண்ணிக்கை எழுதும்போது டவர் ஹில் பட்டியலை மட்டும் கூட்டினால் கணக்கு தப்பும்.

பதக்கங்களை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் போரின் பிரிட்டிஷ் நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. வீட்டில் அட்லாண்டிக் ஸ்டார் இருந்தால் அது யாருடையது என்பதற்கு அதனோடு வந்த சீட்டும் பெட்டியின் முகவரியும்தான் சாட்சி. அட்லாண்டிக் ஸ்டார் பெற, 1939–45 ஸ்டாருக்கான ஆறு மாதம் முடிந்த பிறகு மேலும் ஆறு மாதம் அந்தக் கடலில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பணியிலேயே இறந்தவர்களுக்குக் கால அளவு பார்க்கப்படவில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே போனவர் என்று கப்பலின் நடமாட்ட அட்டை காட்டினால், 2013ல் வந்த ஆர்க்டிக் ஸ்டாருக்கு இன்றும் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். குறிப்பு எழுதும் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. உறவினரைக் கண்டால் சொல்லுங்கள்.

குறிப்பை எழுதும்போது வரிசை இப்படி இருந்தால் நல்லது: பெயர், பதவி, சேவை எண், ‘வணிகக் கப்பல் பீரங்கிக்காரர்’ என்ற விளக்கம், பிறகு கப்பல், கான்வாய், எங்கிருந்து எங்கே, சரக்கு, மூழ்கிய தேதி, மொத்தம் இருந்தவர், இறந்தவர். கடைசியில் நினைவகமும் பலகை எண்ணும். ‘எச்.எம்.எஸ். பிரசிடென்ட் III கப்பலில் மூழ்கி இறந்தார்’ என்று பல ஊர்க் குறிப்புகளில் அச்சாகிவிட்டது; அதைத் தவிர்க்க, ‘அவருடைய கணக்கு பிரசிடென்ட் III தளத்தில் இருந்தது’ என்று ஒரு வரி போதும். கடலில் மூழ்கிய இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையோடு எழுதினால் ‘ஏறத்தாழ’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேகமூட்டத்தில் நாள்கணக்கில் கணிப்பால் ஓடிய கப்பலின் இடம் அது. ஆணையத்தின் பதிவில் எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ கண்டால் ஆவணத்தின் படியோடு எழுதுங்கள், திருத்துவார்கள். ஊர்க்கதையை மட்டும் வைத்துத் திருத்தமாட்டார்கள்.

எந்த நாளில் வாசிப்பது, எந்தக் கொடி என்ற கேள்வியும் வரும். பிரிட்டனில் செப்டம்பர் 3 வணிகக் கடற்படை நாள். 1939ல் அன்று மாலைதான் ‘அதீனியா’ பயணிகள் கப்பல் தாக்கப்பட்டது. அன்று பறப்பது ‘ரெட் என்சைன்’ என்ற, வணிகக் கப்பல்களின் சிவப்புக் கொடி. உங்கள் மனிதர் கடற்படைக்காரர் என்பதால் நவம்பரில் ‘ஒயிட் என்சைன்’ என்ற கடற்படையின் வெள்ளைக் கொடி சரி. ஆனால் அவர் நின்ற அமரத்தில், அவர் தலைக்கு மேல் பறந்தது சிவப்புக் கொடிதான். இரண்டையும் வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, கப்பலின் உடலம் பற்றி. அட்லாண்டிக்கின் ஆழத்தில் என்றால் கவலையில்லை. ஆங்கிலக் கால்வாய் போன்ற ஆழம் குறைந்த இடமானால் முக்குளிப்பவர்கள் போவார்கள், பித்தளையும் எடுப்பார்கள். 1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் போர்க்கப்பல்களுக்கு என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. அதை மாற்றியது ‘ஸ்டோரா’ என்ற டென்மார்க் கட்டிய சிறு சரக்குக் கப்பல். 1943 நவம்பர் 3 அதிகாலை, கான்வாயில் எஃகும் டாங்கி பாகங்களும் ஏற்றிப் போனபோது ஹேஸ்டிங்ஸ் கரைக்கு அப்பால் ஜெர்மன் டார்பிடோப் படகு அதை வீழ்த்தியது. சில விநாடிகளில் மூழ்கி, 36 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதில் பீரங்கிப் பொறுப்பில், ‘பெட்டி ஆபீசர்’ என்ற பதவியில் இருந்த கடற்படைக்காரரின் மகள்கள், அப்பாவின் கல்லறையான அந்த உடலத்தைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்டார்கள். வணிகக் கப்பல் இராணுவப் பணியில் இருந்ததாகாது என்று பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்திலும், 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் மகள்கள் பக்கம் முடிந்தது: ஆயுதம் தாங்கி, கடற்படைக் கட்டுப்பாட்டில் கான்வாயில் போன வணிகக் கப்பலை இராணுவப் பணியில் இருந்ததாகக் கருத இடமுண்டு. 2008ல் ஸ்டோரா பாதுகாக்கப்பட்ட இடமானது. இப்போது அங்கே இறங்கிப் பார்க்கலாம். உள்ளே நுழையவோ எதையும் எடுக்கவோ கூடாது. பாதுகாப்பு தானாக வருவதில்லை, கப்பலின் பெயர் அரசாணையில் இருந்தாக வேண்டும். ஆகவே உங்கள் கப்பல் எது என்று உறுதியானதும், அது கரையோரம் கிடக்கிறதா, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.